சின்னக் குயிலும் இயந்திரத் தாளமும்

பொருளியல் படிக்க வரும் முதலாண்டு மாணவர்கள் சந்திக்கும் தொடக்க விதிகளில் ஒன்று, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயர்தான் மிரட்டும், பொருள் எளியது. பசியோடு அமர்ந்தவருக்கு முதல் இட்லி தரும் நிறைவை ஐந்தாவது இட்லி தருவதில்லை. எட்டாவது இட்லியை அவரே வேண்டாம் என்பார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இட்லிக் கணக்கைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும்: "பிடித்த பாட்டை நூறு தடவை கேட்டாலும் சலிக்கவில்லையே, சார்?"

நியாயமான கேள்வி. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தமது பெருநூலிலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். நல்ல இசையைக் கேட்கக் கேட்க அதன் மீதான நாட்டம் கூடுவது இயல்பு; ஆயினும் அது விதிக்கு விலக்காகாது, ஏனெனில் அதற்குள் காலம் கடந்து கேட்பவர் வேறு மனிதராகிவிடுகிறார் என்பது அவர் வாதம். 1977-இல் ஜார்ஜ் ஸ்டிக்லரும் கேரி பெக்கரும் வேறொரு விளக்கம் தந்தனர். ரசனை மாறுவதில்லை, கேட்கக் கேட்க நம்மிடம் ஒருவகை இசை மூலதனம் சேர்கிறது, அடுத்த முறை கேட்கும்போது அந்த மூலதனம் கூடுதல் இன்பத்தை ஈட்டித் தருகிறது என்றனர். சிகாகோ அறிஞர்களுக்கு எதைப் பார்த்தாலும் மூலதனமாகத்தான் தெரியும். இரண்டுமே அழகான விளக்கங்கள். ஆனால், ஒரு குறிப்பிட்ட பாட்டு ஏன் மகிழ்ச்சி தருகிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்த பாட்டு 'சிங்களத்துச் சின்னக்குயிலே'. 1986 தீபாவளிக்கு வெளிவந்த, கே. பாலசந்தர் இயக்கிய 'புன்னகை மன்னன்' படத்தில் இடம்பெற்றது. இசை இளையராஜா, பாடல் வைரமுத்து, பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சித்ராவும், திரையில் கமல்ஹாசனும் ரேவதியும். அதற்கு முந்தைய ஆண்டு 'பூவே பூச்சூடவா' படத்தில் பாடிய பாட்டின் வழியே சித்ராவுக்குச் 'சின்னக்குயில்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே பாட்டின் விளிப்பு கதைநாயகியோடு பாடகியையும் சேர்த்தே அழைப்பதுபோல் அமைந்துவிட்டது. 'நிழல்கள்' (1980) படத்தில் தொடங்கிய இளையராஜா-வைரமுத்து கூட்டணியின் கடைசிப் படமும் இதுவே.

நம் திரையிசையில் காதல் பாட்டு என்றால் வயலின்களும் புல்லாங்குழலும் முன்நிற்பது வழக்கம். இந்தப் பாட்டின் ஒலியுலகம் வேறு. மின்னலைகளிலிருந்து ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரும் மின்னணுத் தாளமும் சேர்ந்து அதற்கு ஒரு பளபளப்பைத் தருகின்றன. அந்தப் படத்தின் இசைக்கு இன்னொரு பெருமையும் சொல்லப்படுவதுண்டு. சுரங்களையும் தாளத்தையும் நினைவில் இருத்தி, இம்மி பிசகாமல் திரும்ப இசைக்கும் சீக்வென்சர் என்ற கருவியை இந்தியத் திரையிசையில் முதன்முதலாகக் கையாண்டது 'புன்னகை மன்னன்' என்று ரசிகர்கள் சொல்வார்கள். 'முதன்முதல்' என்று சொல்லப்படுபவற்றில் எனக்கு எப்போதும் சற்றுத் தயக்கம் உண்டு. ஆனால், இளையராஜாவின் கைகளில் இயந்திரம் காதலிக்கக் கற்றுக்கொண்ட ஆண்டு 1986 என்று சொல்லத் தயக்கமில்லை. தியாகராஜரையும் பாக்கையும் ஒரே மேடையில் அமர்த்திய 'ஹௌ டு நேம் இட்' என்ற அவரது இசைத்தொகுப்பும் அதே ஆண்டுதான் வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வயலினின் அருமை தெரியாதவர் செய்த வேலை அல்ல இது.

இந்த இயந்திர இசையின் வேர் கடல் கடந்தது. 1960-களில் அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள், குறிப்பாக ஜேம்ஸ் பிரவுன், 'ஃபங்க்' என்ற ஒரு பாணியை வளர்த்தெடுத்தனர். மெட்டைவிடத் தாளத்துக்கு முதலிடம் தருவது அது. நான்கு எண்ணிக்கைகளில் முதல் எண்ணிக்கையில் எல்லாரும் ஒன்றாக ஊன்ற வேண்டும். அதன் பிறகு அவரவர் தம் போக்கில் இடைவெளிகளில் விளையாடலாம். நமக்கு இது புதிதன்று. அந்த முதல் எண்ணிக்கையைத்தான் நம் இசையில் 'சமம்' என்கிறோம். தாளம் தொடங்கிய பின் சற்றுத் தாமதித்துப் பாட்டைத் தொடங்கினால் அது அனாகத எடுப்பு. சமம் எங்கே இருக்கிறது என்பது பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். ஆனால், வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு அடுத்த நொடியில் வந்து சேர்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஃபங்க் கலைஞர்கள் செய்ததும் அந்தக் குறும்பைத்தான்.

1970-களில் இந்தப் பாணிக்குள் சிந்தசைசர் நுழைந்தது. ஸ்டீவி வொண்டர் 1972-இல் வெளியிட்ட 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டில் அடித்தளச் சுரங்களை மூக் சிந்தசைசரில் வாசித்தார். 1978-இல் புகழ்பெற்ற, பார்லிமென்ட் குழுவின் 'ஃப்ளாஷ்லைட்' பாட்டில் பேஸ் கிதாரின் வேலையை பெர்னி வொரல் தம் விசைப்பலகையிலேயே முடித்துவிட்டார். ரப்பர் பந்து துள்ளுவதுபோல் வளைந்து நெளியும் அந்த ஒலி பின்னர் உலகெங்கும் பரவியது. சுரத்தை வளைக்க அந்தக் கருவிகளின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். எங்கள் பகுதி அம்மன் கோயில்களில் உடுக்கை அடிப்பவர் இடைக்கயிற்றை அழுத்திச் சுருதியை வளைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்தச் சக்கரம் அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. பம்பாயில் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-இல், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு இணைத்து, ரோலண்ட் நிறுவனத்தின் இயந்திரங்களை மட்டுமே கொண்டு ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அப்போது அதைச் சீண்டுவார் இல்லை. 2010-இல் மறுவெளியீடு கண்ட பிறகு உலகம் வியந்து பாராட்டியது. அவர் இசையில் குரல் இல்லை. தமிழ்நாட்டில் இயந்திரத்தோடு குரல் சேர்ந்தது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. அதை விளக்குமுன், பாட்டின் அடித்தளத்தை நாங்கள் எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது கோலியனூர். எங்கள் தலைமுறையினர் திரைப்பாட்டைக் கேட்டது பெரும்பாலும் குழாய் ஒலிபெருக்கியில்தான். புத்துவாயம்மன் கோயில் ஆடித் திருவிழா, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று எந்த விசேஷமானாலும் மைக் செட்காரர் தென்னை மரத்தில் இரண்டு குழாய்களைக் கட்டிவிடுவார். குழாய்க்கு ஒரு குறை உண்டு. அது வெகுதூரம் கேட்கும். ஆனால், தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். நொடிக்கு நூறு அதிர்வுகள் கொண்ட ஓர் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். வாயகலம் அரை மீட்டர்கூட இல்லாத ஒரு குழாயால் அவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் தள்ள இயலாது. ஆகவே குரல் கணீரென்று கேட்கும், வயலின் கீச்சிடும். ஆனால் பாட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் பேஸ் ஓட்டம் ஊருக்குள் வந்து சேரவே சேராது. வாசலைப் பார்த்தே ஒரு வீட்டைக் கணித்ததுபோல், பாட்டின் மேல்பாதியை மட்டும் கேட்டு நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம்.

இளையராஜாவைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. கிதார் கலைஞராகத் தொடங்கியவர் அவர். அவருடைய பாடல்களில் பேஸ் என்பது தாளத்துக்குத் துணைபோகும் வெறும் உறுமல் அல்ல. மெட்டுக்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டு நடந்துகொண்டிருக்கும். பாடகர் ஏறும்போது அது இறங்கும். பாடகர் மூச்சு வாங்கும்போது அது பேசும். குழாயில் கேட்டவர்களுக்கு இந்த உரையாடலில் ஒரு தரப்பு மட்டுமே கேட்டது.

மறு தரப்பை எங்களுக்குக் கேட்கத் தந்தவை தனியார் பேருந்துகள். 1980-களின் நடுப்பகுதியில் விழுப்புரம்-புதுச்சேரி தடத்தில் ஓடிய பேருந்துகளிடையே ஒரு போட்டி நிலவியது. கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதால் விலையில் போட்டியிட முடியாது. ஆகவே பாட்டில் போட்டியிட்டார்கள். (விலையல்லாப் போட்டி என்ற பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.) ஓட்டுநர் தலைக்கு மேலே கேசட் பிளேயர், கூரையின் நான்கு மூலைகளிலும் பெட்டி ஸ்பீக்கர்கள். எந்தப் பேருந்தில் புதுப் பாட்டு ஓடுகிறது என்று பார்த்து ஏறுவதற்காகக் கூட்டுரோட்டில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு நிற்கும் இளைஞர்கள் இருந்தார்கள். அப்போது ஆய்வு மாணவனாக இருந்த நானும் நின்றிருக்கிறேன்.

அந்தப் பேருந்துகளில் ஒன்றில்தான் 'சிங்களத்துச் சின்னக்குயிலே'யின் அடித்தளத்தை முதலில் உணர்ந்தேன். 'கேட்டேன்' என்பதைவிட 'உணர்ந்தேன்' என்பதே சரி. தாழ்ந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன்பே இருக்கையின் இரும்பு வழியாக முதுகுக்கு வந்துவிடுகிறது. மேல்கம்பியைப் பிடித்து நின்றிருந்தவர்களின் விரல்கள் அவர்களை அறியாமலே தட்டத் தொடங்கின. காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாவின் கால் கட்டைவிரல்கூட அசைந்தது. நின்றிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது காதல் பாட்டு என்பது பொருட்டாக இருந்திருக்கும் என்று தெரியாது. ஆனால், எல்லாருடைய உடலும் ஏதோ ஒன்றுக்கு 'ஆம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

உடல் ஏன் அசைகிறது? 2014-இல் மரியா விடெக்கும் அவருடைய குழுவினரும் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். வெவ்வேறு அளவில் சிக்கலான டிரம் தாளங்களைக் கேட்கச் செய்து, எது மகிழ்ச்சி தருகிறது, எது ஆடத் தூண்டுகிறது என்று வினவினர். எண்ணிக்கையிலிருந்து சிறிதும் விலகாத நேரான தாளம் குறைவான மதிப்பெண்ணே பெற்றது. ஓரேயடியாகச் சிதறிக் கிடக்கும் தாளமும் அவ்வாறே. நடுத்தரமாக விலகும் தாளத்துக்கே மகிழ்ச்சியும் ஆட்ட விருப்பமும் உச்சத்தில் இருந்தன. வரைபடத்தில் அது தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும். காரணத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: எதிர்பார்த்த இடத்தில் அடி விழாதபோது அந்த வெற்றிடத்தை நம் உடல் நிரப்புகிறது. தட்டும் விரல் பாட்டுக்குத் தாளம் போடவில்லை. பாட்டு விட்டுவைத்த இடத்தில் தானும் ஒரு வாத்தியமாகச் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் துறையின் மூலவர் ஆடம் ஸ்மித் இதை வேறு மொழியில் உணர்ந்திருந்தார். அவர் மறைந்தபின் 1795-இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் இசையைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். இசையின் இன்பம் ஒரு பாதி நினைவிலிருந்தும் மறு பாதி எதிர்நோக்கிலிருந்தும் பிறக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். கடந்து போன ஒலியை நினைவில் வைத்திருப்பதாலேயே வரப்போகும் ஒலியை ஓரளவு ஊகிக்கிறோம். 'ஓரளவு' என்பதுதான் முக்கியம். முழுவதும் ஊகிக்க முடிந்தால் அது கடிகாரம்; சற்றும் முடியாவிட்டால் இரைச்சல்.

இருபதாம் நூற்றாண்டில் இதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் திபோர் ஸ்கிட்டோவ்ஸ்கி. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவர் 1976-இல் எழுதிய நூலின் பெயரே 'மகிழ்ச்சியற்ற பொருளாதாரம்'. சௌகரியம் வேறு, இன்பம் வேறு என்பது அவர் வைத்த பிரிவு. சௌகரியம் என்பது தொந்தரவு இல்லாத நிலை. மெத்தை, மின்விசிறி, நிறைந்த வயிறு. இன்பம் என்பது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகரும்போது ஏற்படுவது. அதற்குச் சிறிது புதுமையும் சிறிது நிச்சயமின்மையும் வேண்டும். வளம் பெருகிய சமூகங்கள் சௌகரியத்தைக் குவித்துக்கொண்டே போய் இன்பத்தைத் தொலைத்துவிடுகின்றன என்று அவர் எச்சரித்தார். எங்கள் துறையில் அவரைப் போதிய அளவு படிக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

இப்போது குரலுக்கு வருகிறேன். சீக்வென்சர் பிறழாது. ஆயிரம் முறை ஓடவிட்டாலும் அதே நொடியில் அதே அடி. தனியாகக் கேட்டால் அது ஸ்கிட்டோவ்ஸ்கி சொன்ன சௌகரியம்தான். தறி ஓடும் ஓசைபோல் சிறிது நேரத்தில் காதுக்குப் பழகி மறைந்துவிடும். அதன்மீது எஸ்.பி.பி.யின் குரல் வந்து அமரும்போது நிலைமை மாறுகிறது. அவர் ஒரு சொல்லை இயந்திரத்தின் அடிக்கு ஒரு மயிரிழை பின்னால் வைப்பார். அடுத்த சொல்லைச் சற்று முன்னே எறிவார். வரியின் முடிவில் ஒரு புன்னகை ஒலியாகவே மாறி வெளிவரும். மனிதர் வாசிக்கும் தபேலாவாக இருந்தால் வாசிப்பவரும் பாடகரோடு கொஞ்சம் வளைந்துகொடுப்பார். அப்போது இருவருக்கும் இடையிலான விலகல் அவ்வளவாகத் தெரியாது. இயந்திரம் வளைந்துகொடுக்காது என்பதாலேயே மனிதக் குரலின் ஒவ்வொரு சிறு விலகலும் துலக்கமாகிறது. நேர்க்கோடு போட்ட காகிதத்தில்தான் கையெழுத்தின் அழகு தெரியும். இந்தப் பாட்டின் மகிழ்ச்சி இயந்திரத்தில் இல்லை, குரலில் மட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் இருக்கிறது.

சுரங்களிலும் இதே வித்தை உண்டு. ஸ்ரீதர் இயக்கிய 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது சலநாட்டை என்ற அரிய ராகம், 36-ஆவது மேளகர்த்தா. ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மேலே ஷட்சுருதி தைவதமும் காகலி நிஷாதமும் அவ்வாறே. மேற்கத்திய காதுக்கு அந்த ரிஷபம் சோகமான மூன்றாம் சுரமாகவும், காந்தாரம் மகிழ்வான மூன்றாம் சுரமாகவும் கேட்கும். அமெரிக்கக் கறுப்பின இசையின் உயிர்நாடி, இந்த இரண்டு மூன்றாம் சுரங்களுக்கு இடையே முடிவு செய்யாமல் ஊசலாடுவதில்தான் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக்காட்டுப் பாட்டும் நம் மேளகர்த்தா அட்டவணையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு இன்றளவும் வியப்பு. எவ்விதச் சோகமும் கலவாத மகிழ்ச்சி இசையில் நிலைப்பதில்லை போலும்.

இயந்திரம் வந்தால் ஆள் குறையும் என்ற கேள்வியைப் பொருளியல் ஆசிரியன் தவிர்க்க முடியாது. வில்லியம் பாமல் 1966-இல் வில்லியம் போவனோடு சேர்ந்து எழுதிய நூலில் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி ஆண்டுதோறும் பெருகுகிறது. ஆனால், நால்வர் வாசிக்க வேண்டிய இசையை வாசிக்க இன்றும் நால்வர்தான் வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆகவே கூலி உயர உயர நேரடி இசை விலையேறிக்கொண்டே போகும். சிந்தசைசர் இந்த நோய்க்கு ஒரு மருந்துபோல் வந்தது, பக்கவிளைவுகளோடு. 1982-இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசருக்கும் டிரம் இயந்திரத்துக்கும் தடை கோரித் தீர்மானமே போட்டது. சென்னையிலும் 1990-களில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகள் சுருங்கின. அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பது பாட்டின் துள்ளலில் கேட்காது.

ஆனால், மறுபக்கமும் உண்டு. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபோது அவர் வாங்கி வைத்திருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் பிழைத்தது. அந்த வீட்டுப் பிள்ளை திலீப், பதின்ம வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போனார். 1980-களில் இளையராஜாவின் குழுவிலும் வாசித்தார். 1992-இல் 'ரோஜா' வந்தபோது அவரை உலகம் ஏ.ஆர். ரஹ்மானாக அறிந்தது. ஒரு கருவி ஒருவரின் வேலையைப் பறிக்கிறது. இன்னொரு வீட்டில் அடுப்பை எரிய வைக்கிறது. சிற்றூர்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். பதினைந்து பேர் இல்லாமல் மெல்லிசைக் கச்சேரி நடத்த முடியாதிருந்த இடத்தில், ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் வைத்து ஐந்து பேர் கச்சேரி செய்யத் தொடங்கினர். மீதிப் பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டால், சிலர் பேண்டு வாத்தியத்துக்குப் போனார்கள். சிலர் கொத்து வேலைக்குப் போனார்கள்.

நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாடல்களின் மூலதனம் தேயவில்லை. அதே 1986-இல் வந்த 'விக்ரம்' படத்தின் 'என் ஜோடி மஞ்சக் குருவி' பாட்டை 2025-இல் 'குட் பேட் அக்லி' படத்தில் எடுத்துப் பயன்படுத்தியதும், இளையராஜா உரிமை கோரி நீதிமன்றம் சென்றதும் செய்தியாயின. உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் தீர்க்கட்டும். திரையரங்கில் அந்தப் பழைய பாட்டுக்கு எழுந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் 1986-இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். இன்றைய கைப்பேசிச் செயலிகள், நாம் கேட்டதைப் போன்ற பாட்டையே அடுத்தடுத்து வரிசையிட்டுத் தருகின்றன. நல்ல சௌகரியம். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவது வண்டிக்காகக் கூட்டுரோட்டில் நின்றவனுக்கு அது இன்பமாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் தாளத்தையும் சுரத்தையும் பற்றியது. இந்தப் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அதன் முதற்சொல்லிலேயே இருக்கிறது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அடுத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, ஒரு தமிழ் இளைஞன் ஒரு சிங்களப் பெண்ணைக் குயிலென்று அழைத்துப் பாடும் பாட்டைத் தமிழ்த் திரை பாடியது. தெலுங்கில் 'மரோ சரித்ரா'வும் இந்தியில் 'ஏக் துஜே கே லியே'யும் எடுத்தபோதும் பாலசந்தர் மொழி எல்லையைத் தாண்டிய காதலையே கையிலெடுத்தார். அவற்றைப் போலவே இங்கும் காதலர் இருவரும் இறுதியில் மாண்டுபோகிறார்கள். தொலைக்காட்சியில் பாட்டு மட்டும் தனியே வரும்போது அந்த முடிவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டி, கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. (2021-இல் இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது.) முகாம்களிலிருந்து வந்து என்னிடம் படித்தவர்கள் சிலர் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன், வழக்கமான இட்லிக் கணக்குக்குப் பிறகு நான் இந்தப் பாட்டைச் சொன்னபோது, அவர்களில் ஒரு மாணவி வகுப்பு முடிந்து வந்து சொன்னார்: "சேர், அந்தப் பாட்டு வந்தா அப்பா றேடியோவை நிப்பாட்டிப் போடுவார். அம்மா குசினிக்குள்ள நிண்டு மிச்சத்தைப் பாடுவா."

நான் அந்த எடுத்துக்காட்டை மாற்றவில்லை. ஆனால், அதன்பின் வந்த வகுப்புகளில் இட்லியையும் மார்ஷலையும் சொல்லி முடித்தபின், பெயர் சொல்லாமல் அந்த வீட்டையும் சொன்னேன். ஒரே பாட்டு, ஒரே கூரை, ஒரே இழப்பு. ஒருவருக்கு எதிர்மறைப் பயன்பாடு, ஒருவருக்கு நேர்மறைப் பயன்பாடு. மாணவர்கள் இதை எந்த வளைகோட்டில் வரைவது என்று கேட்டதில்லை. தந்தை நிறுத்தியது எதை, தாய் விட்டுக்கொடுக்க மறுத்தது எதை என்பதைத்தான் அவர்கள் தங்களுக்குள் விவாதித்தார்கள். தாய் பாடியதை மறதி என்று சொன்ன மாணவர்களும் இருந்தார்கள். அப்படி நான் கருதியதில்லை. அந்த அம்மாவிடமிருந்து பலவற்றைப் பிறர் பறித்திருந்தார்கள். கால் தாளம் போடும் உரிமையைப் பறிக்க அவர் இடம் தரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அந்த மாணவியின் திருமணத்துக்குப் போயிருந்தேன். மாலை வரவேற்பில் முகாம் இளைஞர்கள் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார்கள். பேஸ் நன்றாகக் கேட்டது. வரிசையில் அந்தப் பாட்டும் வந்தது. அவர் தந்தை நிறுத்தச் சொல்லவில்லை. எழுந்து பந்தலுக்கு வெளியே போய் ஜெனரேட்டர் பக்கம் நின்றுகொண்டார். தாய் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தனவா என்று என் இருக்கையிலிருந்து தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் தந்தை திரும்பி வந்து என் அருகில் அமர்ந்து, "சாப்பிட்டாச்சோ, சேர்?" என்று கேட்டார்.